காரில் ஒலிக்கும் வானொலி

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்லும் சாலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுடையது. மேற்கே மலைத்தொடர் கூடவே வரும். ஊரை நெருங்கினால் ஆண்டாள் கோயிலின் இராஜகோபுரம் தொலைவிலேயே தென்படும். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் நான் ஒரு பழைய காரை வாங்கி, அச்சாலையில் அடிக்கடி போய்வரலானேன். அதில் ஒரு வானொலிக் கருவியும் பொருத்துவித்தேன். வண்டி நிற்கும்போது அது இனிமையாகப் பாடிற்று. இஞ்சினை முடுக்கியதும் பாட்டோடு மெல்லிய ஊளை ஒன்று சேர்ந்து எழுந்தது. வேகம் கூடினால் ஊளையின் சுருதியும் கூடும். வேகம் குறைந்தால் அதுவும் தாழும். கருவியை மாற்றினேன், ஊளை போகவில்லை. ஒலிபெருக்கிகளை மாற்றினேன், அப்போதும் போகவில்லை. பணம் போயிற்று, ஊளை இருந்தது.

அதைத் தீர்த்தவர் என் பழைய மாணவர் ஒருவர். பள்ளியில் பௌதிகத்தில் குறைந்த மதிப்பெண்களே பெற்றவர். இப்போது கார்களின் மின்பழுது பார்க்கும் தொழில் செய்கிறார். அவர் எந்த உறுப்பையும் மாற்றவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, கருவியையும் பாடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையைக் கருவியின் கறுப்புக் கம்பியிலும் வைத்தார். ஏறத்தாழச் சுழியைக் காட்டவேண்டிய மீட்டர் அரை வோல்ட் காட்டியது. அக்கம்பியை வண்டியின் உடலில் திருகியிருந்த இடத்தில் வர்ணம் படிந்திருந்தது. வர்ணத்தைச் சுரண்டி, உலோகம் பளிச்சிட்ட பிறகு திருகை மீண்டும் இறுக்கினார். ஊளை நின்றது. “ஐயா, மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்திருக்கலாமே” என்றார் பணிவோடு. ஓம் விதியைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். என் வண்டியிலும் அவ்விதியே ஆட்சி செய்கிறது என்பதை நினைக்கத் தவறினேன்.

மாணவர்களே, நான் சொல்ல வந்த செய்தி இதுவே. காரின் ஒலிக்கருவி என்பது மின்னோட்டம் புறப்பட்டுச் சென்று மீண்டும் வந்துசேரும் ஒரு பாதை. பாதையை அறிந்தவர்க்குக் கருவியைப் பொருத்துவதும் எளிது. பழுதைக் காண்பதும் எளிது. அறியாதவர் ஊகத்தால் உறுப்புகளை மாற்றிக்கொண்டே இருப்பர்.

காரில் வானொலி வைப்பது இன்று நேற்று எழுந்த ஆசையன்று. 1930ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பால் கால்வின் என்பாரின் நிறுவனம் ‘மோட்டரோலா’ என்னும் பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலக் கருவிகள் வால்வுகளால் இயங்கின. வால்வுகளுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். கார் பாட்டரியோ குறைந்த அழுத்தமே தரும். இஞ்சினின் தீப்பொறிகளால் எழும் இரைச்சலை அடக்குவது மற்றொரு பெருந்தொல்லை. பிற்காலத்தில் டிரான்சிஸ்டர் வந்து முதல் தொல்லையை ஒழித்தது. இரண்டாவது தொல்லை இன்னும் முற்றும் ஒழியவில்லை என்பதற்கு என் வண்டியே சான்று.

இனிப் பாதையைப் பார்ப்போம். நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் தேங்கி நிற்கும் கண்மாய் போன்றது பாட்டரி. வாய்க்கால் போன்றது கம்பி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாய்க்கால் நீர் வயலில் பாய்ந்து முடிந்துவிடும்; மின்னோட்டமோ புறப்பட்ட பாட்டரிக்கே திரும்பியாக வேண்டும். காரில் திரும்பும் வழியாகப் பயன்படுவது வண்டியின் உலோக உடலேயாகும். பாட்டரியின் எதிர்முனையை அவ்வுடலோடு இணைத்திருப்பார்கள். இதையே எர்த்து என்று வழங்குகிறோம்.

நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பாட்டரி, இஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி அதற்கு மின்னூட்டம் அளிக்கும். அப்போது மீட்டர் பெரும்பாலும் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். இவ்விரண்டு அளவுகளையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டரியே சோர்ந்திருந்தால் கருவியைக் குறை கூறிப் பயனில்லை.

கடையில் வாங்கும் கருவியின் பின்புறத்தில் பல நிறக் கம்பிகள் தொங்கும். அவற்றுள் மூன்று இன்றியமையாதவை. மஞ்சள் கம்பிக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். நிலையங்களையும் நேரத்தையும் கருவி நினைவில் வைத்திருப்பது அதனால்தான். சிவப்புக் கம்பிக்குச் சாவியைத் திருப்பிய பின்னரே மின்சாரம் வரவேண்டும். கறுப்புக் கம்பி எர்த்து. சாவியை எடுத்தவுடன் நிலையங்கள் மறந்துபோனால், மஞ்சளுக்கு நிலையான மின்சாரம் வரவில்லை என்று அறிக. ஓரிரு நாள் நிறுத்திவைத்த வண்டியில் பாட்டரி இறங்கிப்போனால், சிவப்பையும் நிலையான மின்சாரத்தில் சேர்த்துவிட்டார்களா என்று பார்க்க. இந்நிறங்கள் தனியே விற்கும் கருவிகளுக்கு உரியவை. கார் தயாரிப்பாளர் வண்டிக்குள் இட்ட கம்பிகளின் நிறம் வேறாயிருக்கலாம். ஆதலால் நிறத்தை நம்பாது மீட்டரை நம்புக. முக்கியமாக, ஸ்டீரிங்கின் அருகிலும் இருக்கைகளின் அடியிலும் செல்லும் மஞ்சள் உறையிட்ட இணைப்புகள் பெரும்பாலும் உயிர்காக்கும் காற்றுப்பைகளுக்கு உரியவை. அவற்றில் மீட்டரையும் வைக்கலாகாது.

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுவர். ஏன் நேர்முனையை முதலில் கழற்றலாகாது? எதிர்முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும்போது, நேர்முனையில் வைத்த ஸ்பானர் உடலின் எப்பகுதியைத் தொட்டாலும் பாதை முழுமையாகிப் பெருந்தீப்பொறி எழும். எதிர்முனையை நீக்கிவிட்டால் திரும்பும் வழி அறுந்துவிடுகிறது. மீண்டும் பூட்டும்போது நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். சில கருவிகள் மின்சாரம் அறுந்து மீண்டால் இரகசிய எண் கேட்கும். அதை முன்னரே குறித்துவைப்பது நன்று.

அடுத்து உருகி. பியூஸ் என்று நாம் அழைக்கும் இச்சிறு பொருள் கருவியைக் காப்பதற்கென்று பலர் எண்ணுகின்றனர். முதன்மையாக அது காப்பது கம்பியை. கம்பியின் உறை தேய்ந்து உலோகத்தைத் தொட்டால், அளவிறந்த மின்னோட்டம் பாய்ந்து கம்பி பழுக்கக் காயும். அதற்கு முன் உருகி தான் அழிந்து பாதையை அறுக்கிறது. ஆற்றல் மிகுந்த ஆம்பிளிபயரைத் தனியே வைப்போர், பாட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் உருகியை அமைப்பது இதனாலேயே. பாட்டரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் இல்லை. அது குறுகியிருத்தல் நன்று. இஞ்சின் அறையிலிருந்து உள்ளே கம்பி நுழையும் துளையில் ரப்பர் வளையம் இடவேண்டும்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவரின் வண்டியில் உருகி அடிக்கடி போயிற்று. அவர் சலித்துப்போய், அவ்விடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிவைத்தார். சில நாட்களில் ஓரிரவு, ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குள் புகை மண்டிற்று. நெரிந்து கிடந்த ஒரு கம்பியின் உறை முழுவதும் கருகியிருந்தது. உயிர்ச்சேதம் நேராதது நற்பேறு. உருகி மறுபடியும் மறுபடியும் போவது ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை வாயடைத்தால் பேசப்போவது நெருப்பு.

உருகியைக் கொண்டு ஒரு கணக்கும் செய்யலாம். பெட்டியின் மேல் ‘50 வாட் வீதம் 4’, அதாவது 200 வாட் என்று அச்சிட்டிருக்கும். கருவியின் பின்புறத்து உருகியோ 10 ஆம்பியர். 14 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கினால் 140 வாட். உள்ளே செல்வதே தொடர்ந்து 140 வாட்டுக்கு மேற்படாதபோது, வெளியே 200 வாட் எவ்வாறு வரும்? உள்ளே சென்றதிலும் ஒரு பகுதி வெப்பமாகிறது. ஆகவே ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் தொடர்ந்து கிடைப்பது பெரும்பாலும் 15 முதல் 20 வாட் வரையே. அது காரின் சிறு அறைக்குப் போதும். விளம்பரத்தைப் பெருக்கல் வாய்பாட்டால் சோதிக்கலாம் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

ஒலிபெருக்கிகளுக்கு வருவோம். காரில் உள்ளவை பெரும்பாலும் 4 ஓம் அளவின. கம்பிகளைக் கழற்றி மீட்டரால் அளந்தால் 4க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். எல்லையற்ற தடை காட்டினால் உள்ளிருக்கும் சுருள் அறுந்தது என்க. 4 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் தடை 2 ஓமாகக் குறையும், மின்னோட்டம் மிகும், அதற்கென அமையாத கருவி சூடேறித் தானே நின்றுவிடும். இன்றைய கருவிகளில் ஒலிபெருக்கிக்குச் செல்லும் இரு கம்பிகளிலும் மின்னழுத்தம் உண்டு. ஆதலால் அவற்றில் எதையும் வண்டியின் உடலில் தொடுக்கலாகாது. பழைய வழக்கப்படி ஒன்றை எர்த்துடன் சேர்ப்போர் புதிய கருவியைப் பாழாக்குவர்.

ஒலிபெருக்கிகளின் நேர், எதிர் முனைகளையும் மாற்றாமல் இணைக்க வேண்டும். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரின் வடத்தை எல்லோரும் ஒரே திசையில் இழுப்பதால் தேர் நகர்கிறது. பாதிப்பேர் எதிர்த்திசையில் இழுத்தால் என்னவாகும்? ஓர் ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே வரும்போது மற்றொன்று பின்னே சென்றால், மிருதங்கத்தின் தொப்பி ஒலி போன்ற தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பாட்டு மெலிந்து கேட்கும். இதைச் சோதிக்க, ஒலிபெருக்கியைக் கருவியிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் சிறு மின்கலத்தை ஒரு கணம் தொடுக. நேர்முனையோடு நேர்முனை சேர்ந்தால் கூம்பு வெளியே வரும்.

வானொலி மட்டும் சரியாகக் கேட்கவில்லையெனில் பார்க்க வேண்டியது ஏரியல். நம் பகுதியில் பலர் கேட்கும் கொடைக்கானல் பண்பலை நிலையம் 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்புகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் நாலிலொரு பங்கு 75 சென்டிமீட்டர். பழைய கார்களின் நீண்ட ஏரியல் அவ்வளவு இருந்ததன் காரணம் அதுவே. இன்றைய குட்டை ஏரியல்கள் பலவற்றின் அடியில் சிறு பெருக்கி ஒன்று உண்டு. அதற்குக் கருவியின் நீலக் கம்பி மின்சாரம் தரவேண்டும். அக்கம்பியை இணைக்க மறந்தால் நிலையங்கள் மங்கிக் கேட்கும். பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. உயர்ந்த மலைமேலிருந்து வருவதால் நெடுந்தொலைவு எட்டுகிறது. மலையடிவாரத்தை ஒட்டிச் சென்றால் இடையிலுள்ள மலையே அதை மறைக்கலாம். அது கருவியின் குற்றமன்று. கைப்பேசிக்கு மின்னூட்டம் தரும் மலிவான செருகியும் இரைச்சல் எழுப்பும். அதைப் பிடுங்கிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இனிப் பழுது காணும் முறையைத் தொகுத்துச் சொல்கிறேன். கருவி முற்றும் ஊமையானால் உருகி, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்னும் வரிசையில் அளந்து வருக. ஒரு பக்கம் மட்டும் ஊமையானால், கருவியை நிறுத்திவிட்டு, அப்பக்கத்து ஒலிபெருக்கியை மறுபக்கத்துக் கம்பியில் இணைத்துப் பார்க்க. அங்கே பாடினால் ஒலிபெருக்கி நன்று. குறை கம்பியிலோ கருவியிலோ உள்ளது. கதவைத் திறந்து மூடும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால், கீலின் அருகே கம்பி முறிந்திருக்கும். ஒலியைக் கூட்டும்போது கருவி நின்றுநின்று வந்தால், மின்னழுத்தம் வீழ்கிறதா என்று காண்க.

இஞ்சினோடு ஏறியிறங்கும் ஊளைக்கு எர்த்தைப் பார்க்க. பழுதான ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 5 ஆம்பியர் சென்றால் அங்கே 0.5 வோல்ட் வீழ்கிறது. ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தில் இஞ்சினின் வேகத்திற்கேற்ற சிற்றலைகள் உண்டு. அவை அந்தத் தடையின் வழியே பாட்டோடு கலந்துவிடுகின்றன. என் வண்டியின் ஊளை இவ்வாறு பிறந்ததே. தனி ஆம்பிளிபயர் உள்ள வண்டியில் ஒலிக்குறிகளைக் கொண்டுசெல்லும் கம்பியை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டினாலும் இரைச்சல் புகும்; வண்டியின் இரு பக்கங்களில் பிரித்துக் கொண்டுசெல்வதே முறை.

ஒரு சொல் எஞ்சியுள்ளது. பாதுகாப்பாகக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம். ஒலி மிகமிக நேரம் குறையவேண்டும். சாலையிலோ காதுக்கு மற்றொரு கடமையும் உண்டு. பின்னே வரும் ஆம்புலன்சின் ஒலியும் பக்கத்து வண்டியின் ஹாரனும் கேளாத அளவுக்குப் பாட்டை வைப்பது தமக்கும் பிறர்க்கும் இடர்.

இப்போது அச்சாலையில் என் வண்டி ஊளையின்றிப் பாடிச் செல்கிறது. மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டும் என்பதை நான் கற்பித்தேனோ இல்லையோ, என் மாணவர் கற்றிருந்தார். நீங்களும் உங்கள் பாடநூலின் விதிகளை ஒரு மீட்டரோடு வெளியே எடுத்துச் செல்லுங்கள். வீட்டு மின்விளக்கிலும், தோட்டத்துப் பம்பு செட்டிலும், காரின் வானொலியிலும் அதே விதிகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.