கண்ணாடித் தொட்டிக்கும் கலிங்கு வேண்டும்

ஏரி நிரம்பினால் மிகுநீர் கலிங்கு வழியே வெளியேற வேண்டும். கலிங்கு போதாவிடில் கரை உடையும். இதனைத் திருவண்ணாமலை வட்டாரத்து விவசாயிக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1958-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற சாத்தனூர் அணையிலிருந்து 2024 டிசம்பர் 2-ஆம் தேதியன்று விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதையும், தென்பெண்ணைக் கரையூர்கள் பட்ட அவதியையும் நாம் மறந்துவிடவில்லை. வரும் நீருக்கேற்ற போக்கு வேண்டும் என்னும் அந்த நியாயம், வீட்டில் வைக்கும் மீன் தொட்டிக்கும் பொருந்தும்.

சென்னைக் கொளத்தூர்ப் பகுதியில் அலங்கார மீன் வளர்ப்பினால் பல குடும்பங்கள் ஜீவனம் செய்கின்றன. நமது அங்கத்தினர் சிலரும் இதனை உபதொழிலாக மேற்கொண்டுள்ளனர். அண்மையில் நாம் பார்வையிடச் சென்ற ஒரு நெசவாளர் வீட்டில், மேலே மீன் தொட்டியும், கீழே நீரை வடிகட்டும் தொட்டியும், இரண்டிற்கும் இடையே பம்பும் அமைத்திருந்தனர். ஓரிரவு மின்சாரம் நின்றது. மேல்தொட்டி நீர் இறங்கிக் கீழ்த்தொட்டி வழிந்து, தறிக்குழியில் நிறைந்தது. கடனில் வாங்கிய பாவு நூலும் நனைந்து கெட்டது. மின்சாரம் வந்தபின், கீழ்த்தொட்டியில் நீர் போதாமல் பம்பும் கருகியது. பிழை பம்பினுடையதன்று, கணக்கினுடையதே.

அக்கணக்கைக் காண்போம். 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டி 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர் கொள்ளும். மணிக்கு ஐந்து முறை நீர் சுற்றிவர வேண்டுமெனில் 1,275 லிட்டர் இறைத்தால் போதும். பம்பின் பெட்டியில் அச்சிட்டுள்ள எண், உயரம் ஏற்றாமல் இறைக்கும் அளவாகும். 5 அடி ஏற்றும்போது வெகுவாகக் குறையும். ஆகவே மேலே வந்துவிழும் நீரை 10 லிட்டர் வாளியில் பிடித்துப் பார்க்க வேண்டும். 28 விநாடியில் நிறைந்தால் நமது தேவை சரியாகிறது.

பம்பு நீரைத் தள்ளுகிறது. வடிகுழாயிலோ நீர் தன் எடையாலேயே இறங்குகிறது. ஆகையால் வடிகுழாய் எப்போதும் பெரிதாயிருத்தல் அவசியம். 1 அங்குலக் குழாயைவிட 1½ அங்குலக் குழாயின் வாய் இரண்டேகால் மடங்கு விரிந்தது. பாசியோ இலையோ அடைத்தால் உதவுமாறு, சற்று உயரத்தில் இரண்டாவது வடிகுழாயும் வைப்பது நலம். பம்பு மிகுதியாக இறைத்தால் அதன் குழாயிலுள்ள வால்வைக் குறைக்கலாம்; வடிகுழாயில் வால்வு வேண்டாம்.

மீன் விடுமுன் இரு சோதனைகள் செய்க.

முதலாவது, பம்பை நிறுத்திப் பார்த்தல். மேற்கூறிய தொட்டியில் ஓர் அங்குல நீர் என்பது 14 லிட்டர். பம்புக் குழாயின் வாய் நீர்மட்டத்திற்கு 2 அங்குலம் கீழே இருந்தால், 28 லிட்டர் அக்குழாய் வழியே திரும்பி இறங்கும். குழாய்களில் நிற்பதும் சேரும். இவற்றை ஏற்கக் கீழ்த்தொட்டியில் 40 லிட்டர் இடமேனும் காலியாக விடுக. குழாயின் வாயை நீர்மட்டத்தை ஒட்டி உயர்த்தினால் இறங்கும் அளவு குறையும்.

இரண்டாவது, வடிகுழாய்களை அடைத்துவிட்டுப் பம்பை ஓட்டுதல். மேல்தொட்டியில் விளிம்புவரை 2 அங்குலமே எஞ்சியிருந்தால், 28 லிட்டருக்கு மேல் தாங்காது. பம்பு நிற்கும் அறையில் இறைக்கக் கிடைக்கும் நீர் அதற்குக் குறைவாக இருக்கட்டும், மேலே வழியாது. பம்பு நீரின்றி ஓடத் தொடங்குமுன் உடனே நிறுத்துக.

பாவின் பலமறிந்து நெய்பவர் நெசவாளர். கலிங்கறிந்து ஏரி காப்பவர் விவசாயி. தொட்டிக்கெனக் கடன் கோரும் அங்கத்தினர், முதலில் வடிகுழாயின் அளவையும் பின்னர் பம்பின் அளவையும் குறித்து வருவாராயின், சங்கத்தின் பணமும் அவர்தம் உழைப்பும் ஒருங்கே காக்கப்படும்.