வெள்ளிக் காசின் வரலாறும் வடுவும்

பழைய நாணயங்களைச் சேர்ப்பவள் என்பதால் தோழியரும் அவர்களின் பெற்றோரும் என்னிடம் அடிக்கடி இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். "பெட்டியில் ஒருவரின் பெயர் அச்சிட்டிருக்கிறதே, அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா?" என்பது ஒன்று. "காசில் ஒரு கோடு இருக்கிறதே, அது குறையா, சிறப்பா?" என்பது மற்றது. அமெரிக்காவின் மோர்கன் வெள்ளி டொலரை உதாரணமாக வைத்து இரண்டுக்கும் விளக்கம் தருகிறேன்.

ஜோர்ஜ் மோர்கன் வடிவமைத்த இந்நாணயம் 1878 முதல் 1904 வரையும், மீண்டும் 1921இலும் அச்சிடப்பட்டது. எடை 26.73 கிராம், அதில் 90 வீதம் வெள்ளி, எஞ்சியது செம்பு. 1918ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டொலர்கள் உருக்கப்பட்டன. தப்பியவற்றில் பல, மூட்டை மூட்டையாக அரச களஞ்சியங்களிலும் தனியார் வீடுகளிலும் கிடந்தன.

ரீனோ நகரில் வாழ்ந்த லவேர் ரெட்ஃபீல்ட் 1974இல் காலமானபின், அவரிடம் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளி டொலர்கள் இருந்தமை தெரியவந்தது. அவற்றுள் பல, அவர் பெயர் பொறித்த பிளாஸ்டிக் பெட்டிகளில் விற்கப்பட்டன. இத்தகைய பெயர்ச்சீட்டு, காசு யாரிடமிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அது தரச்சான்றிதழ் அன்று. ரெட்ஃபீல்டின் குவியலிலும் எண்ணும் இயந்திரத்தில் கீறுண்ட காசுகள் இருந்தன. பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்துவிட்டால் அந்தச் சாட்சியமும் போய்விடும். ஆகவே முதலில் காசைப் பாருங்கள். பெயரைப் பிறகு பாருங்கள்.

இனிக் கோட்டுக்கு வருவோம். காசை அடிக்கும் உருக்கு அச்சு, ஓயாத அழுத்தத்தினால் வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் வெள்ளி புகுவதால் காசில் மேடான கோடு உண்டாகும். நியூ ஓர்லியன்ஸில் அச்சிட்ட 1888ஆம் ஆண்டு டொலர்கள் சிலவற்றில் இக்கோடு சுதந்திர தேவியின் முகத்தையே குறுக்கறுத்துச் செல்கிறது. அதைச் சேகரிப்போர் 'வடுமுகம்' என்று பொருள்படும் பெயரால் அழைத்து, விரும்பித் தேடுகிறார்கள். இடையில் வெள்ளித் தகடு இல்லாமல் இரு அச்சுகளும் மோதினால், ஒன்றின் உருவம் மற்றதில் பதியும். 1891ஆம் ஆண்டு அதே நகரில் அடித்த சில காசுகளில், முன்பக்க எழுத்தொன்று பின்பக்கக் கழுகின் வாலடியில் தெரிவது இதனாலேயே.

கீறலையும் அச்சுக்குறையையும் பிரித்தறிவது எளிது. கீறல் பள்ளமாக இருக்கும். வெடிப்புக் கோடு மேடாக இருக்கும். கீறல் அந்த ஒரு காசுக்கே உரியது. அச்சுக்குறையோ அதன்பின் அதே அச்சில் அடித்த காசுகளிலும் அதே இடத்தில் வரும். உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் போதும்.

நம் வீட்டு அலுமாரியில் கிடக்கும் விக்டோரியா மகாராணி காலத்து 50 சத வெள்ளிக் காசுக்கும் இதே சோதனை பொருந்தும். அது கறுத்திருக்கிறதென்று சாம்பலோ பற்பசையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசின் இயல்பான மேற்பரப்பு திரும்பி வராது, விலையும் குறைந்துவிடும். விற்க நினைத்தால், இரண்டு பேரிடமாவது விலை கேட்டபின் முடிவெடுங்கள்.