வீட்டில் வானிலைக் கருவி: வாங்குமுன் இடத்தைத் தேர்ந்திடுங்கள்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நேரத்தில், பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள திருச்செந்தூரில் பதிவான மழை 69 சென்டிமீட்டர். இரண்டும் பெருமழைதான். எனினும் அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கிடையே 26 சென்டிமீட்டர் வேறுபாடு! மாவட்டத்திற்கெனப் பொதுவாகச் சொல்லப்படும் மழையளவு நம் தெருவில் பெய்த மழையளவு ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முதியோரை எப்போது மாடிக்கு அழைத்துச் செல்வது, அரிசி மூட்டையையும் பத்திரங்களையும் எப்போது மேலேற்றுவது என்பன போன்ற முடிவுகளை இரவு நேரத்தில் எடுக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களே. நம் வீட்டு வாசலில் எவ்வளவு மழை பெய்கிறது, அது கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்தால் அம்முடிவுகள் எளிதாகும். அதனால்தான் இன்று பல இல்லங்களில் சிறிய வானிலைக் கருவிகளைப் பொருத்துகிறார்கள். வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை ஆகிய நான்கையும் வெளியிலுள்ள கருவி அளந்து, வீட்டினுள் இருக்கும் திரைக்குக் கம்பியில்லாமல் அனுப்பிவிடும்.

ஆனால் வாசகர்களே, ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். விலை உயர்ந்த கருவி தவறான இடத்தில் இருந்தால், தவறான கணக்கைத்தான் துல்லியமாகத் தரும். எளிய கருவி சரியான இடத்தில் இருந்தால் உண்மையைச் சொல்லும். ஆகவே கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

உயரம் செய்த மாயம்

இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1766ஆம் ஆண்டு ஜூலை முதல் ஓராண்டுக் காலம் ஒரு சோதனை செய்தார். ஒரே மாதிரியான மழைமானிகளில் ஒன்றைத் தரையருகிலும், ஒன்றை வீட்டுக் கூரையின் மேலும், ஒன்றை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உச்சியிலும் வைத்தார். தரையருகில் இருந்ததில் சுமார் 22½ அங்குலமும், கூரையின் மேல் இருந்ததில் சுமார் 18 அங்குலமும், தேவாலய உச்சியில் இருந்ததில் சுமார் 12 அங்குலமும் சேர்ந்தன. ஒரே வானம், ஒரே மழை. உயரம் கூடக் கூட அளவு குறைந்துகொண்டே போனது!

காரணத்தை 1861ஆம் ஆண்டில் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் அறிஞர் விளக்கினார். உயரத்தில் காற்று வேகமாக வீசுகிறது. அக்காற்று மழைமானியின் மீது மோதி மேலெழும்பும்போது, உள்ளே விழ வேண்டிய துளிகளை விளிம்புக்கு அப்பால் தள்ளிவிடுகிறது. ஆகவே, மொட்டை மாடியில் உயர்ந்த கம்பத்தின் உச்சியில் மழைமானியைப் பொருத்தினால் புயல் மழையின் அளவு குறைந்தே தெரியும். எந்த நேரத்தில் சரியான அளவு மிகத் தேவையோ, அந்த நேரத்திலேயே அது நம்மை ஏமாற்றும்.

மழைமானிக்கு ஏற்ற இடம்

நம் நாட்டு வானிலைத் துறையின் வழக்கப்படி மழைமானியின் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சுவரோ மரமோ அருகில் இருக்குமானால், அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவாவது தள்ளி வைக்க வேண்டும். பத்தடிச் சுவருக்கு இருபதடி. இன்னும் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது.

தோட்டம் உள்ளவர்களுக்கு இது எளிது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் வாழ்வோருக்கு மொட்டை மாடிதான் வழி. அவ்வாறாயின் கருவியை மாடியின் நடுப்பகுதியில், தாழ்வாக வையுங்கள். கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம் என்றால் ஆறடிக்குக் குறையாமல் உள்ளே தள்ளி இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியின் அருகிலும், வேப்பமரக் கிளையின் கீழும் வைக்காதீர்கள். மழை நின்ற பிறகும் இலைகளிலிருந்து நீர் சொட்டும். உதிரும் சருகுகள் புனலை அடைத்துவிடும்.

இக்கருவிகள் பலவற்றில், ஏற்றப்பலகை போல் இருபுறமும் சாயும் இரண்டு சிறு கிண்ணங்கள் உள்ளன. ஒரு கிண்ணம் நிரம்பியதும் கவிழ்ந்து மற்றொன்றுக்கு இடம் கொடுக்கும். எத்தனை முறை கவிழ்ந்தது என்பதே மழையளவு. கருவி சாய்ந்திருந்தால் கணக்கும் சாய்ந்துவிடும். எனவே கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை வைத்துச் சமன் பார்த்தே பொருத்துங்கள்.

வெப்பமானியும் வெயிலும்

வெப்பமானி அளக்க வேண்டியது காற்றின் வெப்பத்தை. வெயிலின் வெப்பத்தை அன்று, சுவரின் வெப்பத்தையும் அன்று. தரையிலிருந்து சுமார் 1¼ முதல் 2 மீட்டர் உயரத்தில், நிழலிலும் காற்றோட்டத்திலும் அது இருக்க வேண்டும். வானிலை நிலையங்களில் நான்கு கால்களின் மேல் நிற்கும் வெண்ணிறப் பலகைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கலங்கரை விளக்கங்களைக் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 19ஆம் நூற்றாண்டில் அமைத்தது அது. வெயில் புகாமலும் காற்று புகும்படியும் அதன் சாய்ந்த பலகைகள் அமைந்துள்ளன. வீட்டுக் கருவிகளில் தட்டுகளை அடுக்கியது போன்ற வெண்ணிற உறை அதே வேலையைச் செய்கிறது.

வெப்பமானியை வடக்குச் சுவரில் மாட்டினால் வெயில் படாது என்று குளிர்நாட்டு நூல்கள் கூறும். அந்த அறிவுரை நமக்குப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலேயோ, வடக்கே சாய்ந்தோ இருக்கும். தென் மாவட்டங்களில் இக்காலம் இன்னும் நீளும். வெப்பம் மிகுந்த அந்த மாதங்களில்தான் நம் வடக்குச் சுவர்களில் வெயில் விழுகிறது. ஆகவே சுவரின் நிழலை நம்பாமல், எல்லாப் பக்கமும் உறையுள்ள கருவியைச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்துங்கள்.

மாடித் தளம் பகலில் வெயிலை வாங்கி இரவில் வெளிவிடும். அதனால் கருவியைத் தளத்தின் மேல் வைக்காமல், ஐந்தடிக்குக் குறையாத குழாயில் உயர்த்துங்கள். ஏ.சி. எந்திரத்தின் வெளிப்பகுதி, சமையலறைப் புகைபோக்கி ஆகியவற்றின் அருகாமை கூடாது. ஈரத்துணி உலர்த்தும் கொடியின் அருகில் வைத்தால் ஈரப்பதக் கணக்குக் கெடும்.

காற்றும் திசையும்

மழைமானிக்குத் தாழ்வு நல்லது. காற்றுமானிக்கோ உயரம் வேண்டும். வானிலை நிலையங்களில் அது திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில், தடைகளின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தொலைவில் அமைக்கப்படுகிறது. நெருங்கிய வீடுகளுக்கிடையே அவ்வளவு இடைவெளி கிடைப்பது அரிது. மாடியில் உள்ள தொட்டியையும் படிக்கட்டு அறையையும் விட உயரமாக இருந்தால், வேகத்தை ஓரளவு ஒப்பிட்டறியலாம்.

பொருத்தும்போது கருவியின் வடக்கு அடையாளம் சரியாக வடக்கை நோக்க வேண்டும். இங்கே நம் இல்லங்களில் ஒரு தவறு நேரக்கூடும். கிப்லாத் திசை எல்லோருக்கும் தெரியும். அதை மேற்கு என்றே பேச்சில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் கிப்லா நேர் மேற்கு அன்று. சென்னையில் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 டிகிரியும், காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 24 டிகிரியும் வடக்கே சாய்ந்திருக்கிறது. கிப்லாவை மேற்காகக் கொண்டு கருவியைத் திருப்பினால், எந்நாளும் காற்றின் திசை அந்த அளவு பிசகியே தெரியும். எனவே திசைகாட்டியைக் கொண்டு வடக்கை உறுதி செய்யுங்கள். இரும்புக் குழாயின் அருகில் திசைகாட்டியின் முள் பிசகும்; சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்.

ஒரே கருவி, ஓரிடம்

மழைக்குத் தாழ்வு, காற்றுக்கு உயரம், வெப்பத்திற்கு நடுத்தரம் என்றால், எல்லாம் ஒன்றாய் இணைந்த கருவியை எங்கே வைப்பது? எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஓரிடம் இல்லை. உங்கள் வீட்டுக்கு எது முதன்மை என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். வெள்ளம் புகும் தெருவில் வாழ்வோர் மழையைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அவர்கள் ஐந்து அல்லது ஆறடிக் குழாயில் மாடியின் நடுவே கருவியை நிறுத்திவிட்டு, காற்றின் வேகம் குறைத்துக் காட்டப்படும் என்பதை நினைவில் வைத்தால் போதும். மழைமானி தனியாகப் பிரிந்திருக்கும் கருவி கிடைத்தால் அதுவே மேல்.

துளையிடுவதற்கு முன் ஒரு வாரம் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். சுவர்களைத் தாண்டி அலை வீட்டினுள் வருகிறதா? மேகம் விலகி வெயில் அடித்தவுடன் சில நிமிடங்களில் வெப்பம் திடீரென ஏறுகிறதா? ஏறினால் அது காற்றின் வெப்பம் அன்று, கருவியின் மேல் விழும் வெயில். மழை பெய்யும் நாளில் நேரான சுவருள்ள அகன்ற பாத்திரம் ஒன்றை அருகில் வைத்து, தேங்கிய நீரை அளவுகோலால் அளந்து ஒப்பிடுங்கள். பாத்திரத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நின்றால் அது ஒரு மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் அது ஒரு லிட்டர் நீராகும்.

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும்; துருப்பிடிக்காத திருகாணிகளையே பயன்படுத்துங்கள். குழாயைப் புயற்காற்று சாய்க்காதபடி மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்கள். சிலந்திவலை, பறவை எச்சம், சருகு ஆகியவற்றை மாதம் ஒரு முறை துடைக்க வேண்டியிருக்கும். ஆகையால் ஏணியின்றிக் கை எட்டும் இடமே சிறந்த இடம். இடி மின்னல் வேளையில் யாரும் மாடிக்குச் செல்ல வேண்டாம்.

பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழையளவை எழுதச் சொல்லுங்கள். வானிலைத் துறையும் மழை நாளை அந்த நேரத்தில்தான் கணக்கிடுகிறது. ஆகவே இரண்டையும் ஒப்பிடலாம். எத்தனை சென்டிமீட்டர் பெய்தபோது தெருவில் நீர் தேங்கியது, எப்போது வாசற்படியைத் தொட்டது என்பதையும் அதே பக்கத்தில் குறித்து வைக்கட்டும். அரசின் எச்சரிக்கை வரும்போது அதற்கே கீழ்ப்படியுங்கள். உங்கள் குறிப்பேடு அதற்கு மாற்று ஆகாது. ஆனால் சில மழைக்காலங்கள் சென்றபின், அந்த எச்சரிக்கை உங்கள் வாசலுக்கு என்ன பொருள் தரும் என்பதை அது உங்களுக்குச் சொல்லும்.