செக்கு நகராது, படம்தான் பறக்கும்! பூட்டு பலம்தான், சாவி பத்திரமா?

காரைக்குடி செக்காலை ரோட்டில் கடை வைத்திருப்பவர் ஒருவர், சென்னை வியாபாரி கொடுத்த செக்கை பாங்கியில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செக்கு சென்னைக்குப் போகுமா? போகாது!

பணம் வருமா? வரும்! அன்று மாலையே கூட வந்துவிடும்.

"இதென்ன மாயம்?" என்று கேட்கிறீர்களா? மாயம் இல்லை. முன்பு வெளியூர் செக்கு தபாலில் போய், 'பாஸ்' ஆகி, பணம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். இப்போது போவது காகிதம் அல்ல, அதன் படம்!

படம் எடுத்து அனுப்புகிறார்கள்

செக்கின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எந்திரம் படம் எடுக்கிறது. முன்பக்கத்துக்கு இரண்டு படம், பின்பக்கத்துக்கு ஒன்று. ஆக மூன்று. பாங்கியின் எலெக்ட்ரானிக் கையெழுத்து என்ற 'அரக்கு முத்திரை' அதில் விழுகிறது. நடுவழியில் ஒரு புள்ளியை மாற்றினாலும் முத்திரை உடைந்தது தெரிந்துவிடும். காகிதச் செக்கு, அதை வாங்கிப் போட்ட பாங்கியிடமே தங்கிவிடும்.

இந்த முறை 2008 பிப்ரவரியில் டெல்லியில் தொடங்கியது. 2011 செப்டம்பரில் சென்னைக்கு வந்தது. 2025 அக்டோபர் 4-ந் தேதி முதல் இன்னும் வேகம். பகலில் வரும் செக்குகளின் படம் உடனுக்குடன் போகும். செக்கு கொடுத்தவரின் பாங்கி இரவு 7 மணிக்குள் 'பாஸ்' அல்லது 'ரிட்டன்' என்று சொல்லவேண்டும். வாய் திறக்காவிட்டால்? 'பாஸ்' என்றே அர்த்தம்!

ரங்கூன் கடுதாசி

பணத்தை விட்டுவிட்டு தாளை மட்டும் அனுப்பும் வித்தை செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. ரங்கூன், பினாங்கு, கொழும்பு வட்டிக்கடைகளில் இருந்து கணக்கும் கடுதாசியும் கப்பல் தபாலில் ஊர் வந்து சேரும். காசு மூட்டைக்குப் பதில் உண்டியல் என்ற சீட்டு. அதில் இருக்கும் கையெழுத்தும் கடையின் விலாசமும்தான் முத்திரை. அதை நம்பியே ஆயிரக்கணக்கில் பணம் கைமாறியது.

எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியை 1937 பிப்ரவரி 10-ந் தேதி தொடங்கியபோது ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவு திறந்தது. சென்னை, ரங்கூன், மூன்றாவது நம்ம காரைக்குடி!

இன்று நாடு விட்டு நாடு போகும் பாங்கிக் கடிதங்களுக்கு 'ஸ்விப்ட்' என்ற கம்ப்யூட்டர் தபால் இருக்கிறது. பெல்ஜியம் நாட்டில் 1973-ல் உருவான அமைப்பு இது. 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்துள்ளன. கடிதம் பூட்டுப் போட்டே போகும். வழியில் யாரும் படிக்க முடியாது.

அப்படியானால் திருடன் எங்கே நுழைகிறான்?

கும்பகோணத்தில் நடந்தது

2018 பிப்ரவரி 6-ந் தேதி மாலை. கும்பகோணத்தில் தலைமை அலுவலகம் உள்ள சிட்டி யூனியன் பாங்கி. ஸ்விப்ட் கம்ப்யூட்டருடன் சேர்ந்த பிரிண்டர், போன உத்தரவுகளுக்கு வரும் பதிலை அச்சடித்துத் தள்ளும். அன்று அது ஊமையாகிவிட்டது.

மறுநாள் காலை பிரிண்டர் ஓடாதது தெரிந்தது. முந்தின நாள் கணக்கை ஒத்துப் பார்த்தார்கள். திடுக்கிட்டார்கள்! பாங்கி அனுப்பாத மூன்று 'பணம் கொடு' உத்தரவுகள் பாங்கியின் பெயரிலேயே போயிருந்தன.

5 லட்சம் டாலர் நியூயார்க் வழியாக துபாய்க்கு. 3 லட்சம் யூரோ பிராங்பர்ட் வழியாக துருக்கிக்கு. 10 லட்சம் டாலர் நியூயார்க் வழியாக சீனாவுக்கு. அன்றைய மதிப்பில் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 12 கோடி ரூபாய்!

உடனே தகவல் பறந்தது. துபாய் பணம் பாதியில் மடக்கப்பட்டு திரும்பி வந்தது. துருக்கிப் பணம் அங்கேயே முடக்கப்பட்டது. சீனாவுக்குப் போன பணத்தை, போலி ஆவணம் காட்டி உரிமை கொண்டாடினார்கள் என்று பாங்கி அறிவித்தது. ஊழியர்களுக்குச் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை, இது சர்வதேச கும்பலின் கைவரிசை என்றும் கூறியது.

பூட்டை யாரும் உடைக்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் புகுந்து, சாவியைக் கொண்டே திறந்துவிட்டார்கள்! மிச்சப் பணத்தைக் காப்பாற்றியது எது? காலையில் கணக்கை ஒத்துப் பார்த்த பழக்கம்.

எழுத்துப்பிழை காப்பாற்றியது

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய பாங்கியிலும் இதே பாணி. அங்கேயும் பிரிண்டர்தான் முதலில் ஊமையானது. சுமார் 95 கோடி டாலருக்கு திருட்டு உத்தரவுகள் போயின. 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் மட்டும் சிக்கியது. பெயரில் 'பவுண்டேஷன்' என்ற வார்த்தையைத் தப்பாக எழுதியிருந்தார்கள்!

வெளித்திருடன் மட்டும்தான் என்றில்லை. 2018 பிப்ரவரியிலேயே பஞ்சாப் நேஷனல் பாங்கி மோசடியும் அம்பலமானது. மும்பை கிளையில் இருந்து ஸ்விப்ட் கடிதங்கள் போயின. ஆனால் பாங்கியின் சொந்தக் கணக்கு கம்ப்யூட்டரில் அவை ஏறவே இல்லை. ஒத்துப் பார்க்க வழி இல்லை. மோசடி 13 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதன் பிறகு ரிசர்வ் பாங்கி சாட்டையை எடுத்தது. ஸ்விப்ட் பாதுகாப்பு உத்தரவுகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று 2019 மார்ச்சில் 36 பாங்கிகளுக்கு அபராதம் விழுந்தது.

நீங்கள் செய்யவேண்டியது

"பெரிய பாங்கி சங்கதி, நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. உங்கள் செக்கை பாஸ் செய்பவர் காகிதத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை, படத்தைத்தான் பார்க்கிறார். மை கலைத்து எழுதிய மோசடி படத்தில் சட்டென்று தெரியாமல் போகலாம். ஆகவே:-

பெயரையோ தொகையையோ அடித்துத் திருத்தாதீர்கள். திருத்திய செக்கு திரும்பி வரும். புதுச் செக்கு எழுதுங்கள்.

50 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் செக்கு கொடுத்தால், நம்பர், தேதி, பெயர், தொகை நான்கையும் பாங்கிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'பாசிட்டிவ் பே' என்ற இந்த வசதி 2021 ஜனவரி 1-ந் தேதி முதல் இருக்கிறது. படமும் நீங்கள் சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால் செக்கை மடக்கிவிடுவார்கள்.

கணக்கில் தெரியாமல் பணம் போனால் அன்றே பாங்கிக்குச் சொல்லுங்கள். ஆன்லைன் மோசடி என்றால் 1930-க்கு போன் போடுங்கள். நேரம் போனால் பணமும் போகும். கும்பகோணம் சொல்வது அதுதான்.

அந்தக் காலத்து வட்டிக்கடையில் பேரேடு எழுதி, ஐந்தொகை போட்டுப் பார்ப்பார்கள். ஒரு காசு உதைத்தாலும் விடமாட்டார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் திருடனைக் காட்டிக் கொடுப்பது அந்த ஐந்தொகைதான்.

உங்கள் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்து எத்தனை நாள் ஆச்சு?