எஸ்டேட் டீமுக்கு சொந்த ஊர் எது?

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் ஏறி முடிச்சா போடிமெட்டு. செக்போஸ்ட்டைத் தாண்டினா கேரளா. அப்புறம் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. இந்த ரோட்டுல போற எல்லாரும் டீ எஸ்டேட்டை போட்டோ எடுத்திருப்போம். அந்த எஸ்டேட்டுகளோட ஃபுட்பால் டீம்களைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன்.

1941-ல மூணாறுல ஒரு போட்டி ஆரம்பிச்சது. பேரு ஃபின்லே ஷீல்டு. அப்போ கண்ணன் தேவன் தோட்டங்களை நிர்வகிச்சது ஜேம்ஸ் ஃபின்லேங்கிற ஸ்காட்லாந்து கம்பெனி. பேரு அங்கிருந்து வந்தது. ஆடறவங்க தோட்டத்து ஆளுங்க. எஸ்டேட் பேருதான் டீம் பேரு. 1956-ல இந்த மலை கேரளாவோட சேர்ந்தது. பிறகு தோட்டங்கள் டாடா கைக்குப் போச்சு. 2005-ல, தொழிலாளிகளும் பங்கு வெச்சிருக்கிற கே.டி.எச்.பி. கம்பெனி வந்தது. இத்தனை மாறியும் ஷீல்டுல ஃபின்லே பேரு நின்னுபோச்சு.

இங்க எனக்கு ஒரு கேள்வி. இதே மலையில ஏலக்காயும் இருக்கு. போடியில ஏல மையமே இருக்கு. அப்போ ஏலத்தோட்டத்துல ஏன் இப்படி ஒரு ஃபுட்பால் மரபு வளரல?

ரெண்டு காரணம்னு நினைக்கிறேன். ஒண்ணு நிலம். ஏலச்செடிக்கு மர நிழல் வேணும், அதனால தோட்டமே பாதி காடு மாதிரி இருக்கும். பந்தை உதைச்சா தேடி எடுக்கவே பொழுது போயிரும். இன்னொண்ணு, எனக்கு முக்கியமாப் படறது, ஆளுங்க எங்க தூங்குறாங்கங்கிறது. ஏலத்தோட்ட வேலைக்கு போடி, தேவாரம் பக்கத்துல இருந்து நிறைய பேர் காலையில ஜீப்புல ஏறிப் போய், சாயங்காலம் இறங்கிருவாங்க. டீ எஸ்டேட் அப்படி இல்ல. திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகள்ல இருந்து கங்காணிகள் கூட்டிட்டு வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா லயத்துலயே இருந்தாங்க. பக்கத்து வீடு, ஒரே வேலை, ஒரே சங்கு. சாயங்காலம் பதினொரு பேர் சேர்றது அங்க கஷ்டமே இல்ல.

வெளியுலகத்தோட தொடர்பும் கம்மி. 1908-ல இருந்து குண்டளைப் பள்ளத்தாக்குல ஒரு குட்டி ரயில் ஓடிச்சு. டீப்பெட்டி டாப் ஸ்டேஷன் வரை ரயில்ல வரும், அங்கிருந்து ரோப்வேயில கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் போடி. 1924 வெள்ளத்துல அந்த ரயில் அழிஞ்சது, திரும்பக் கட்டவே இல்ல. டீப்பெட்டிக்கே இவ்வளவு பாடுன்னா, ஒரு இளவட்டம் சாயங்காலம் எங்க போவான்? கம்பெனிக்கும் இது தெரியும். ஆளுங்க சந்தோஷமா, கண்ணு முன்னாடியே இருக்கணும். ஷீல்டை வெறும் தாராள மனசுன்னு நான் எடுத்துக்க மாட்டேன். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகு வீடு, பொழுதுபோக்கு வசதி ரெண்டுமே முதலாளியோட கடமைன்னு எழுத்துலயே வந்திருச்சு.

இப்போ உங்கள்ல யாராவது ஆர்சனல் ஜெர்சி போட்டிருந்தா கொஞ்சம் கவனிங்க. 1886-ல லண்டன் வுல்விச்சுல ஆயுதத் தொழிற்சாலை ஆளுங்க ஆரம்பிச்ச டீம் அது. வெஸ்ட் ஹாம், 1895-ல ஒரு கப்பல் கட்டுற கம்பெனியோட டீம். பி.எஸ்.வி. ஐந்தோவன், பிலிப்ஸ் கம்பெனியோடது. அதாவது எஸ்டேட் டீமும் இவங்களும் ஒரே ஜாதகம். ஆனா ஆர்சனல் 1913-ல வுல்விச்சை விட்டு வட லண்டனுக்குக் குடிபோச்சு. வெஸ்ட் ஹாமைப் பெத்த கம்பெனி 1912-ல மூடிச்சு, டீம் இன்னிக்கும் ஆடுது. ஏன்னா தொழிற்சாலைக்கு வெளிய ஒரு ஊர் இருந்தது. டிக்கெட் வாங்க ஆளு இருந்தாங்க, மைதானத்துக்கு வேற இடம் கிடைச்சது.

மூணாறு எஸ்டேட்டுல வெளியன்னு ஒண்ணு கிடையாது. நிலம் கம்பெனியோடது, லயம் கம்பெனியோடது. ரிட்டயர் ஆனா வீட்டைக் காலி பண்ணணும். வீட்டுல வேற யாராவது தோட்ட வேலைக்குப் போனாத்தான் அங்கயே இருக்க முடியும். நாப்பது வருஷம் ஒரு எஸ்டேட் பேரைச் சொல்லிக் கத்தின மனுஷன், அறுபது வயசுல அந்த எஸ்டேட்டுல ஆளே இல்ல. பையன் கோயம்புத்தூர்லயோ எர்ணாகுளத்துலயோ வேலைக்குப் போயிட்டா, டீமுக்கு ஒரு ஃபார்வர்டும் போச்சு, குடும்பத்துக்கு வீடும் போச்சு.

இதுல பொம்பளைங்க எங்கன்னு கேப்பீங்க. கொழுந்து கிள்றது பெரும்பாலும் அவங்கதான். 2015-ல போனஸ் குறைஞ்சப்போ மூணாறு டவுனையே ஸ்தம்பிக்க வெச்சது அவங்க, பெண்பிளை ஒருமை. லயத்து வீடு நிலைக்கிறதுக்கும் பல குடும்பங்கள்ல அவங்க வேலைதான் காரணம். அம்மா கொழுந்துக்குப் போறதாலதான் பையனுக்கு அந்த எஸ்டேட் டீம்ல இடம். ஷீல்டு கதையைச் சொல்றவங்க இதைச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்ல.