நான் எண்ணாமல் விட்ட 38வது சிவப்பு

பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டில், வேலைப் பயிற்சிக்காகச் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். துணைப்பாட நிலையங்களுக்கு மாதக் கட்டண பில் தயாரிக்கும் மென்பொருள் அவர்களுடையது. முதல் நாள் சோதனைகளை ஓடவிட்டபோது திரையில் 37 சிவப்பு வரிகள். பதறிப்போனேன். பக்கத்தில் இருந்தவர், “அது எப்பவும் அப்படித்தான், கண்டுக்காதீங்க” என்றார்.

நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிறு சிறு சோதனைகளையும் நிரலாகவே எழுதிவைப்பார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்தால் இரண்டாமவருக்குக் கழிவு கிடைக்கிறதா என்பது ஒரு சோதனை. கிடைத்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும். நானும் ஓட்டினேன். ஆனால் இரண்டாம் மாதத்திற்குள் சிவப்பு என் கண்ணில் படுவதே நின்றுவிட்டது.

அந்த மாத பில்களில் எவருக்கும் கழிவு வரவில்லை. சில பெற்றோர் தொலைபேசியில் கோபப்பட்டனர். ஒன்றும் கேட்காமல் முழுத் தொகையையும் கட்டியவர்களும் இருந்தனர். அவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகம் உறுத்தியது.

முந்தைய பில்லுக்குப் பிறகு நிரலில் ஏறக்குறைய 60 மாற்றங்கள் நடந்திருந்தன. குழுவின் மூத்த பொறியாளரை அக்கா என்றுதான் அழைப்போம். அவர் ‘கிட் பைசெக்ட்’ கட்டளையை ஓட்டச் சொன்னார். நன்றாக இருந்த நிலை எது, கெட்ட நிலை எது என்று காட்டினால், நடுவிலுள்ள மாற்றத்தை எடுத்துத் தரும். சோதித்துச் சொன்னால் தேட வேண்டியது பாதியாகும். ஆறே சுற்றில் குற்றவாளி கிடைத்துவிட்டது. மாத நடுவில் சேரும் மாணவர்களுக்காக நான் செய்த மாற்றம் அது.

“தம்பி, அன்னைக்கு எத்தனை சிவப்பு?”

38. கழிவுச் சோதனை அன்றே சிவப்பாகியிருந்தது. நான் எண்ணவே இல்லை.

அக்கா திட்டவில்லை. பழைய 37ஐயும் என் தலையில் கட்டினார். அவற்றில் 9, எப்போதோ எடுத்துவிட்ட வசதிகளுக்கானவை, நீக்கினோம். ஐந்தை உடனே திருத்த முடிந்தது. மீதி 23 உண்மையான பிழைகள், ஆனால் திருத்த நேரமில்லை. அவற்றுக்கு ‘எக்ஸ்ஃபெயில்’ குறி போட்டோம். இது பைத்தான் மொழிக்கான பைட்டெஸ்ட் கருவியில் உள்ள வசதி. ‘தோற்கும் என்று தெரியும்’ என்று காரணத்தோடு எழுதிவைத்தால், சோதனை வழக்கம்போல் ஓடும். சிவப்பு மட்டும் வராது. ‘ஸ்கிப்’ போட்டால் சோதனையே ஓடாது, ஒன்றும் தெரியவும் வராது. அது சோம்பேறிகளின் வழி என்பது அக்காவின் கருத்து.

எந்த வகைப் பிழையால் தோற்கும் என்பதையும் எழுதச் சொன்னார். வேறு வகையில் தோற்றால் சிவப்பு. ‘ஸ்ட்ரிக்ட்’ என்பதையும் சேர்த்தார். அப்படியென்றால், தோற்க வேண்டியது வென்றாலும் சிவப்பு! வெற்றிக்கு ஏன் தண்டனை என்று எனக்குப் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் புரிந்தது. யாரோ வேறெதையோ திருத்தப்போக, காசைக் கிட்டிய எண்ணாக்கும் பழைய பிழையும் சேர்ந்து சரியாகி, சிவப்பு வந்தது. குறியை எடுத்தேன். எடுக்காமல் விட்டிருந்தால், அதே பிழை மறுபடி தலைகாட்டும்போது ‘தெரிந்த தோல்விதானே’ என்று கருவி பேசாமல் இருந்திருக்கும்.

நான் கிளம்பிய நாளில் 23ல் 11 மிச்சம். அதிகம் கட்டிய பெற்றோருக்கு அடுத்த பில்லில் பணத்தைக் கழித்தோம். சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. ஆனாலும் அந்த பில்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கால்குலேட்டரில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.