கடல் இழுத்தால் கரையை நோக்கி நீந்தாதீங்க! பெசன்ட் நகர் முதல் ஆஸ்திரேலியா வரை... 'ரிப் கரன்ட்' என்றால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச். கையில சுண்டல் பொட்டலம், பக்கத்துல மனைவி. "ஏங்க, கால் மட்டும் நனைச்சுட்டு வந்துடலாமே" என்று அவர் கேட்க, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு பேரும் இறங்குகிறார்கள். கணுக்கால் அளவு முழங்கால் அளவாகிறது. அடுத்த அலை வந்து திரும்பும்போது காலுக்கு அடியில் இருக்கும் மண்ணையே பறித்துக்கொண்டு போகிறது.

சென்னையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த காட்சிதான் இது. இப்போது விடுமுறைக்கு ஆஸ்திரேலியா வரை போய் கடற்கரையில் ரிலாக்ஸ் பண்ணும் தம்பதிகளும் அதிகம். ஊர் மாறினாலும் ஆபத்து ஒன்றுதான். அது எப்படி வருகிறது, வந்தால் என்ன செய்வது? விரிவாகப் பார்ப்போம்.

பெசன்ட் நகரில் நிற்கும் அந்த வெள்ளை வளைவு எதற்கு?

எலியட்ஸ் பீச்சுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதன் முன் நின்று போட்டோ எடுத்திருப்பார்கள். பல தமிழ்ப் படங்களிலும் வந்திருக்கிறது. அதுதான் ஷ்மிட் நினைவுச் சின்னம். டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்மிட், 1930 டிசம்பர் 30 அன்று கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய், தானே மூழ்கி உயிரிழந்தார். அவருடைய துணிச்சலை நினைவுகூரத்தான் அது கட்டப்பட்டது. அதாவது, இந்தக் கடற்கரையின் அடையாளமே, கிட்டத்தட்ட 100 வருஷமாக அங்கே நிற்கும் ஓர் எச்சரிக்கைதான்.

ரிப் கரன்ட் என்றால் என்ன?

அலைகள் தொடர்ந்து தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அந்தத் தண்ணீர் திரும்பக் கடலுக்குப் போயாக வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு அடியில் மணல் திட்டுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே எங்கே பள்ளமான இடைவெளி இருக்கிறதோ, அந்த வழியாக மொத்தத் தண்ணீரும் வேகமாக வெளியேறும். வாய்க்கால் மாதிரி ஓடும் இந்த இழுவை நீரோட்டத்தைத்தான் ரிப் கரன்ட் என்கிறார்கள்.

வலுவான ரிப் கரன்ட் விநாடிக்கு 2 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடக்கூடியது. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஒலிம்பிக் தங்கம் வெல்பவரின் வேகமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்படியானால் அதை எதிர்த்து நாம் நீந்திக் கரைக்கு வர முடியுமா?

இன்னொரு விஷயம். ரிப் கரன்ட் ஆளை அடியில் இழுத்து அமுக்காது. கரையிலிருந்து தள்ளி உள்ளே கொண்டுபோகும், அவ்வளவுதான். பயத்தில் கரையை நோக்கி நீந்தி, சோர்ந்துபோய், அதன் பிறகுதான் பலர் மூழ்குகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நாம் ஏமாறும் இடமே இதுதான். அலை பெரிதாக அடிக்கும் இடத்தை ஆபத்து என்றும், அமைதியாக இருக்கும் இடத்தைப் பாதுகாப்பு என்றும் நினைக்கிறோம். உண்மை பெரும்பாலும் நேர் எதிர்.

* இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் அலை உடையாமல் இருக்கும்.
* அந்த இடத்தில் தண்ணீர் சற்றுக் கருமையாகத் தெரியும், அதாவது ஆழம் அதிகம்.
* நுரை, குப்பை, கலங்கிய மணல் தண்ணீர் எல்லாம் கரைக்கு வராமல் உள்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் கரையில் நின்று பார்த்தாலே இதில் ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

"போன வாரம் இங்கதானே குளிச்சோம்?"

மணல் திட்டு ஒரே இடத்தில் நிற்காது. அலையும் நீரோட்டமும் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். சென்னைக் கரையில் மணல் எவ்வளவு நகரும் என்பதற்கு மெரினாவே சாட்சி. துறைமுகம் கட்டிய பிறகு, வடக்கு நோக்கி நகர்ந்த மணல் தடுக்கப்பட்டு தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனது.

அடையாறு முகத்துவாரமும் அப்படித்தான். உடைந்த பாலத்தின் பக்கம் போட்டோ எடுக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரும் கடல் ஏற்ற இறக்கமும் சேரும் இடம் அது. நேற்று மணல் மேடாக இருந்த இடம் இன்று பள்ளமாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பத்து மீனவ அண்ணன்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தினமும் கடலைப் பார்த்தே தொழிலுக்குப் போகிறவர்கள் அவர்கள்.

வானம் தெளிவா இருக்கே, பயம் எதுக்கு?

2024 மே 6-ம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தனர். 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நேரம் அது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடிக்கும் புயல் எழுப்பும் அலைகள், நாள்கணக்கில் பயணித்து நம் கரைக்கு வருவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. திருடன் மாதிரி வருவதால் இந்தப் பெயர். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் இதற்கான எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. கடற்கரைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆஸ்திரேலியாவில் என்ன செய்கிறார்கள்?

1938 பிப்ரவரி 6, சிட்னியின் பாண்டை கடற்கரை. அடுத்தடுத்து வந்த பேரலைகளில் மணல் திட்டில் நின்றவர்கள் அப்படியே அடித்துச் செல்லப்பட்டனர். சுமார் 250 பேரை மீட்க வேண்டியிருந்தது. 5 பேர் இறந்தனர். உயிர்காப்பாளர்கள் ஏராளமாக அங்கே இருந்ததால்தான் உயிரிழப்பு அதோடு நின்றது.

இன்று அங்கே காவல் இருக்கும் கடற்கரைகளில் சிவப்பு-மஞ்சள் கொடிகள் இரண்டு நட்டிருப்பார்கள். அந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும்தான் குளிக்க வேண்டும். அன்றைய கடலைப் பார்த்துத்தான் கொடி நடும் இடத்தையே முடிவு செய்வார்கள். கொடி இல்லை என்றால் இறங்கக் கூடாது.

"எனக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்பவர்களுக்கு ஒரு தகவல். 1967 டிசம்பர் 17 அன்று, பதவியில் இருந்த ஆஸ்திரேலியப் பிரதமர் ஹரால்ட் ஹோல்ட், செவியட் கடற்கரையில் நீந்தப் போய்க் காணாமல் போனார். கடல் நீச்சலில் ஆர்வம் கொண்டவர். உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் விக்டோரியா மாகாணத்தின் பிலிப் தீவில் இந்தியர்கள் 4 பேர் மூழ்கி இறந்தார்களே, அது உயிர்காப்பாளர் காவல் இல்லாத கடற்கரை.

நம்ம ஊரிலும் காவல் இல்லாமல் இல்லை. மெரினாவில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் உயிர்காக்கும் பிரிவு இருக்கிறது. காணும் பொங்கல் அன்று தடுப்புக் கட்டைகளே போடுகிறார்கள். அதைத் தாண்டிப் போவதுதான் நம்ம பிரச்சனை.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

1. பதறாதீங்க. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள்.
2. கரையை நோக்கி நேராக நீந்தாதீங்க.
3. ஒரு கையைத் தூக்கி உதவி கேளுங்கள்.
4. நீந்தத் தெம்பு இருந்தால், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். இழுப்பு குறைந்ததும், அலை உடையும் இடம் வழியாகச் சாய்வாகக் கரைக்கு வாருங்கள்.
5. நகர முடியவில்லை என்றால் மிதந்துகொண்டே இருங்கள். அலை உடையும் பகுதியைத் தாண்டியதும் பெரும்பாலும் இழுப்பு தளரும்.

கண்ணெதிரே ஒருவர் சிக்கினால்?

இதுதான் ரொம்ப முக்கியம். மனைவி இழுத்துச் செல்லப்பட்டால் கணவரும், பிள்ளை சிக்கினால் அப்பாவும் யோசிக்காமல் குதித்துவிடுவார்கள். ஒரு உயிர் போக வேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று உயிர்கள் போவது இப்படித்தான். குதிக்காதீங்க. காலித் தண்ணீர் கேன், பந்து, கயிறு, டியூப் என மிதக்கும் எதையாவது அவரிடம் எறியுங்கள். பக்கத்தில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிடுங்கள். அவசர உதவிக்கு 112, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, ஆம்புலன்ஸுக்கு 108. சிக்கியவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் ஒருவர் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தலை ஒருமுறை அலையில் மறைந்தால் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம்.

மீட்டவரைத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வேண்டாம். மூச்சு இல்லை என்றால், தெரிந்தவர்கள் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் கொடுக்கத் தொடங்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும், தண்ணீர் குடித்தவரை மருத்துவமனையில் காட்டிவிடுவதே நல்லது.

அடுத்த முறை பெசன்ட் நகர் போனால், ஷ்மிட் நினைவுச் சின்னம் முன்னாடி போட்டோ எடுக்கும்போது பிள்ளைகளுக்கு அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். கால் நனைக்கிறது அதுக்கு அப்புறம் இருக்கட்டும்.